தட்டுக்கு ஒரு நேரம் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழோடு வந்த கிறிஸ்துமஸ் இணைப்பை முழுதும் படித்தேன். கேக் குறிப்பும் பிஸ்கட் குறிப்பும் பக்கம் பக்கமாக இருந்தன. படத்தைப் பார்த்தாலே வாயூறியது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, பண்டிகைக் காலத்தில் இனிப்பைக் குறைத்துப் பற்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். என் வழக்கு அந்த இரண்டு வரியோடுதான்.

நான் டாக்டர் இல்லை. பல் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, அடைக்கும் மருந்தைக் குழைத்துக் கொடுப்பது, அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது என்றே என் உத்தியோக காலம் கழிந்தது. டாக்டர் பார்த்த வாயையெல்லாம் நானும் எட்டிப் பார்த்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று பேர். இன்னும் பல் முளைத்து முடியாத குழந்தை முதல் பல் செட் போட்ட மாமியார் வரை எல்லா வகை வாயும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது என்பதால் சொல்கிறேன், "இனிப்பைக் குறையுங்கள்" என்ற அறிவுரையை டிசம்பரில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பண்டிகையில் பிள்ளைகளின் கையிலிருந்து கேக்கைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது? கவனிக்க வேண்டியது எத்தனை துண்டு என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான். உங்கள் கட்டத்தில் அந்தத் "தடவை" என்ற சொல்லே இல்லை.

ஏன் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பல்லின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வரும், அதுதான். அதில் குடியிருக்கும் கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களில் அவை அமிலத்தை உண்டாக்கிவிடும். பிஎச் என்று ஒரு அளவு உண்டு, அமிலம் கூடக் கூட அந்த எண் குறையும். அந்தப் படலத்தில் அது ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் மேற்பூச்சிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைச் சமன்செய்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு அரைமணி நேரமாவது பிடிக்கும், சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் 1940-களிலேயே பல் படலத்தில் அளவுக்கருவியை வைத்து, சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தால் அமிலம் எப்படிச் சட்டென்று ஏறி மெதுவாக வடிகிறது என்று வரைபடமாகவே காட்டியிருக்கிறார்.

இதை வைத்து உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசைமேல் தட்டு. தட்டில் கேக் துண்டுகள், சாக்லேட், மிட்டாய், உலர்ந்த பழம். அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு முறையும் பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. கால்மணிக்கு ஒன்று, அரைமணிக்கு ஒன்று. மொத்தமாகக் கூட்டினால் நாலு மிட்டாய்தான் இருக்கும். ஆனால் காலையிலிருந்து மாலை வரை உமிழ்நீருக்கு ஒரு மூச்சு விட நேரமில்லை. அதே பிள்ளை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அந்த நாலையும் ஒரேயடியாகத் தின்றிருந்தால் அமிலம் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கியிருக்கும். பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. "ஒரே ஒரு துண்டு" என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் தட்டைக் காலி பண்ணுவதை ஆண்டாண்டாகப் பார்க்கிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்வீடனில் லுண்ட் என்ற ஊரில் விப்பெஹோல்ம் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் தங்கியிருந்த இடம். 1945 தொடங்கி சில வருடங்கள் அங்கே இருந்தவர்களுக்குப் பலவிதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு இனிப்பு. சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுவே, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகத் தயாரித்த டாஃபி, நாளுக்கு 24 வரை. 1954-ல் முடிவு வெளியானது. சாப்பாட்டோடு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. நடுநடுவே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குத்தான் பல் வரிசை வரிசையாகப் போனது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட முடியாத மனிதர்களின் பல்லைக் கெடுத்துப் பார்த்த ஆராய்ச்சி அது. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதைப் பற்றி டாக்டர் முதன்முதலில் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இன்று நமக்குத் தெரிந்த விஷயத்தின் பெரும்பகுதி அவர்கள் பட்ட பாட்டில் கிடைத்தது. அதைத் தெரிந்துகொண்டும் தட்டை நாள் முழுக்கத் திறந்துவைத்தால் எப்படி? பிறகு அந்த நாட்டிலேயே, பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற வழக்கத்தை ஊக்குவித்தார்கள். மிட்டாயை ஒழிக்கச் சொல்லவில்லை பாருங்கள், ஒரு கிழமையை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் தட்டுக்கு நேரம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மாலையில் ஒன்று. மற்ற நேரம் எல்லாம் மூடி போட்ட டப்பாவில். விருந்தாளி வந்தால் தட்டு வரும், அவர்கள் எழுந்து போனதும் தட்டும் உள்ளே போகும். ஆரம்பத்தில் மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. "பண்டிகை நாளில் டப்பாவைப் பூட்டிவைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் அத்தை?" என்றாள். பூட்டவில்லையே, மூடித்தானே வைத்தோம் என்றேன். சிரித்துவிட்டாள். பிள்ளைகள் அழுது ரகளை பண்ணுவார்கள் என்று பயந்தோம், அதுவும் நடக்கவில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோதுதான் மேசையையே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. சாதாரண சாக்லேட் உருகி இறங்கிவிடும். டாஃபியும் ஜெல்லி மிட்டாயும் கடைவாய்ப்பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உலர்ந்த திராட்சையும் அப்படித்தான், பழம்தானே என்று நினைத்துப் பிள்ளைக்குக் கையில் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். சப்புகிற மிட்டாய் எல்லாவற்றையும்விட மோசம், கால்மணி நேரம் வாயிலேயே கிடக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸும் சேர்ந்ததுதான். இனிக்காததால் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் அந்த மாவு பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு அங்கேயே சர்க்கரையாக மாறும். சாப்பாட்டின் கடைசியில் ஒரு துண்டு சீஸ் அமிலத்தைத் தணிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் உமிழ்நீர் ஊறும். ஒன்றுமில்லாவிட்டால் தண்ணீர் இருக்கவே இருக்கிறது, இனிப்பு தின்றதும் நாலு மடக்குக் குடித்துக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பானங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோலா வகைகளின் பிஎச் அளவு 2.5-ஐ ஒட்டி இருக்கும். கிருமி வந்து அமிலம் தயாரிக்க வேண்டிய அவசியமே இல்லை, பாட்டிலிலேயே தயாராக இருக்கிறது. "சர்க்கரை இல்லாதது" என்று எழுதியிருந்தாலும் அமிலம் அமிலம்தான். பழச்சாறும் ஒயினும்கூட இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே ஒவ்வொரு வாயாக ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறோமே, அந்தப் பழக்கம்தான் பல்லைத் தின்னும். குடிப்பதானால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். குடித்த உடனே பிரஷை எடுத்துத் தேய்க்காதீர்கள். அமிலத்தில் இளகியிருக்கும் மேற்பூச்சைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விட்டுத் தேய்ப்பது நல்லது. பண்டிகைப் போட்டோவுக்காக எலுமிச்சைச் சாற்றையும் கரித்தூளையும் போட்டுப் பல்லை வெள்ளையாக்குகிறவர்களுக்கும் இதே பதில்தான். போட்டோவில் ஒருவேளை வெளுப்பாகத் தெரியலாம், அப்புறம் ஐஸ்கிரீமை வாயில் வைக்க முடியாது.

கேரல் பாடப் போகும் பிள்ளைகள் விஷயம் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். என் மூத்த பேரன் பாடுகிறவன். தொண்டை கட்டிவிடக் கூடாது என்று பை நிறைய இருமல் மிட்டாய் வைத்துக்கொண்டு மாலையிலிருந்து இரவு வரை ஒன்று மாற்றி ஒன்று சப்புவான். மருந்து மாதிரி வாசனை வருவதால் அதை யாரும் மிட்டாய் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. பாதிக்கு மேல் சர்க்கரைதான், உறையைத் திருப்பிப் படித்தால் தெரியும். சர்க்கரை இல்லாத வகையும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் கேக்கும் குளிர்பானமும் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. சரி, வாங்கிக்கொள்ளட்டும். கேக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் சாப்பாட்டோடு தின்னலாமே. அவனுக்குப் பல்லில் கிளிப் வேறு போட்டிருக்கிறது. டாஃபி ஒட்டிக் கம்பியோடு பெயர்ந்து வந்தால் விடுமுறை முடியும்வரை கன்னத்தில் குத்திக்கொண்டே இருக்கும். இது பயமுறுத்துவதற்காகச் சொன்னதில்லை, அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பகலில் என்ன நடந்தாலும் இரவில் தேய்க்காமல் படுக்கவே கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே சட்டம். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுபோகும். பல்லிடுக்கில் இருக்கும் கேக்கும் கிருமியும் விடியும்வரை தனியாக இருக்கும், தடுக்க ஆளில்லை. நள்ளிரவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தோளில் தூங்கிவிடுவார்கள். எழுப்ப மனசு வராது. அதனால் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே, புதுச் சட்டை போடுவதற்கு முன்னால், பல் தேய்த்துவிடுவோம். திரும்பி வந்து தண்ணீர் மட்டும். இரவுப் பயணம் போகிறவர்கள் பிரஷைப் பெரிய பெட்டியில் அடியில் வைத்துவிட்டு, எடுக்க முடியவில்லை என்று சொல்லாதீர்கள். கைப்பையில் வையுங்கள்.

பேஸ்ட் விளம்பரத்தில் பிரஷின் நீளத்துக்கு அலைஅலையாகப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அவ்வளவு தேவையே இல்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஒரு அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்டாகப் பார்த்து வாங்க வேண்டும், அட்டையில் 1000 பிபிஎம் அல்லது அதற்குமேல் என்று போட்டிருக்கும். தேய்த்து முடித்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கூடவே போய்விடும். ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானாகத் தேய்த்தாலும் பெரியவர் ஒருவர் பின்னால் நின்று ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். பிள்ளையின் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால் கடைவாய் வரை தெரியும். எதிரே உட்கார்ந்து தேய்த்தால் முன்பல் மட்டும்தான் பளபளக்கும்.

ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. அந்த வயதையொட்டி, பால்பல் வரிசைக்குப் பின்னால், கடைசியில், ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. விழாததால் பெற்றோர் கவனிப்பதில்லை, கவனித்தாலும் பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் இன்னொன்று வராது. இப்போதுதான் வெளியே வரும் புதுப் பல், மேலே ஆழமான வரிப்பள்ளம், பாதி ஈறுக்குள் இருப்பதால் பிரஷ் எட்டாது. கிளினிக்கில் எட்டு, ஒன்பது வயதில் ரூட் கேனல் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பல்தான் கெட்டிருக்கும். இன்று இரவே போன் வெளிச்சத்தை அடித்து உங்கள் பிள்ளையின் கடைவாயைப் பாருங்கள். என் பேத்திக்குக் கீழே இடதுபக்கம் இப்போதுதான் நுனி எட்டிப் பார்க்கிறது. பிரஷைக் குறுக்காகத் திருப்பி, கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பிடித்தால்தான் அதைத் தொட முடிகிறது. அவளுக்குக் கூசுகிறதாம், சிரிக்கிறாள், அதனால் தினமும் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகிறது. ஆகட்டும். பள்ளத்தை மூடிப் பூசும் ஒரு பூச்சு உண்டு, முளைத்து முழுதாக வெளியே வந்ததும் டாக்டரிடம் கேளுங்கள்.

குழந்தையைக் கொஞ்ச வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேக்கின் மேலிருக்கும் க்ரீமை விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்காதீர்கள். குழந்தை சப்பும் ரப்பர் சூப்பானில் தேன் தடவிக் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே ஆகாது, அது பல்லைத் தாண்டிய ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களுக்குக் கடுமையான நோயைத் தரும். வீட்டில் கூட்டமும் சத்தமுமாக இருக்கிறது, குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று இனிப்புப் பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைப்பதும் வேண்டாம். முன்பல் நாலும் கருத்துக் கரைந்துபோவது அப்படித்தான்.

மாமியார் கதை வேறு. அவருக்கு மேலே பல் செட், கீழே சொந்தப் பல் கொஞ்சம். பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையால் வாய் வறண்டுபோகிறது. எச்சில் குறைந்த வாயில், ஈறு இறங்கி வேர் தெரியும் பல்லுக்குச் சொத்தை சீக்கிரம் வரும். வாய் காய்கிறது என்று அவர் மிட்டாயை அடக்கிக்கொள்வார், அது நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுவது. இப்போது பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைத்திருக்கிறோம். பல் செட்டை இரவில் கழற்றி, சோப்புப் போட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அல்லது அடியில் துண்டை விரித்துக்கொண்டு கழுவினால் கைதவறி விழுந்தாலும் உடையாது. விருந்து வீடுகளில் இன்னொரு அசம்பாவிதம் நடக்கும். கேக்கில் இருக்கும் பருப்புத் துண்டு செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். பெரியவர்கள் கூச்சப்பட்டு யாருக்கும் தெரியாமல் செட்டைக் கழற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தட்டோரத்தில் வைப்பார்கள். மேசையைத் துடைக்கிறவர்கள் குப்பை என்று அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பண்டிகை முடிந்த வாரத்தில் "செட் தொலைந்துவிட்டது" என்று பொக்கைவாயோடு வந்து நின்ற பெரியவர்களிடம் விசாரித்தால் பாதிப்பேர் சொல்வது இதைத்தான். ஒரு சின்ன டப்பா கையோடு இருந்தால் போதும். மாமியாருடையது சிவப்பு நிறம், கண்ணில் படுவதற்காகவே அந்த நிறத்தில் வாங்கினேன்.

பல்லை ஆயுதமாக்குகிறவர்களையும் விட்டுவிட முடியாது. பரிசுப் பொட்டலத்தின் டேப்பைக் கடித்து இழுப்பது, பாட்டில் மூடியைத் திறப்பது, வாதுமைக் கொட்டையை உடைப்பது, டம்ளரில் மிஞ்சிய ஐஸ்கட்டியைக் கடிப்பது. என் வீட்டுக்காரர் இதில் கடைசி இரண்டிலும் தேர்ந்தவர், எத்தனை முறை சொன்னாலும் காதில் போடமாட்டார். கத்தரிக்கோலை மரத்துக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

புது சைக்கிள், புது ஸ்கேட்டிங் காலணி பரிசாக வாங்கிய வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விழுந்து நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால் அதைத் தூக்கி எறியாதீர்கள். வெள்ளையாக இருக்கும் மேல்பாகத்தை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். அழுக்கு இருந்தால் ஒரு சில நொடி மட்டும் கழுவுங்கள், துடைக்கவோ சுரண்டவோ கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்தி, ஒரு துணியைக் கடித்தபடி ஓடுங்கள். பொருத்த பயமாக இருந்தால் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரைமணிக்குள் டாக்டர் கையில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஒரு மணி தாண்டினால் குறைந்துகொண்டே போகும். பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல்லுக்கு அடிபடும்.

பல்வலி இரவில்தான் வரும், அதுவும் விடுமுறை நாளின் இரவில் என்று கிளினிக்கில் நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். வேடிக்கை என்றாலும் அதில் காரணம் இருக்கிறது. நவம்பரிலேயே இனிப்புப் பட்டால் கூசிய பல்லை, பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். அந்தக் கூச்சம் பண்டிகைக்காகக் காத்திருக்காது. டிசம்பர் பாதிக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்போது சின்ன அடைப்பு, பிறகு ரூட் கேனல். காட்டப் போகும்போதே, விடுமுறையில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று பயந்து வராமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதில் படிந்து இறுகிப்போன காறை பிடித்து நிறுத்தியிருக்கும், காறையை எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியும் வலி வந்துவிட்டால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், வழக்கமாக ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையைச் சொன்ன அளவில் விழுங்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விடுங்கள், அந்த இடம் வெந்து வெள்ளையாகப் பிய்ந்து வரும். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுத்துப் போடுவதும் வீண், சொத்தை அதற்கெல்லாம் மசியாது. முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் பல் டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், கிறிஸ்துமஸ் இரவாக இருந்தாலும் சரி.

கிறிஸ்தவ மரபில் பல்வலிக்கென்றே ஒரு புனிதை உண்டு, தெரியுமோ? அலெக்சாந்திரியாவில் 249-ஆம் ஆண்டு வேதசாட்சியாக மரித்த அப்போலோனியா. துன்புறுத்தியவர்கள் அவருடைய பற்களை உடைத்தார்கள் என்பதால் பல் டாக்டர்களுக்கும் அவரே பாதுகாவலி. படங்களில் இடுக்கியில் ஒரு பல்லைப் பிடித்தபடி நிற்பார். திருநாள் பிப்ரவரி 9. டிசம்பரில் தின்றதற்கெல்லாம் பிப்ரவரியில் வேண்டுதல் வைக்கத் தோதாக இருக்கிறது என்று எங்கள் டாக்டர் சொல்லுவார்.

இத்தனை எழுதியது உங்களிடம் இரண்டு காரியம் கேட்பதற்காகத்தான். அடுத்த ஞாயிறும் இணைப்பு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். கேக் குறிப்பின் முடிவில், "பரிமாறவும்" என்று எழுதுகிற இடத்தில், "சாப்பாட்டுக்குப் பின் பரிமாறவும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் போடுங்கள். இன்னொன்று, டிசம்பர் 24-லிருந்து புத்தாண்டு வரை திறந்திருக்கும் பல் மருத்துவமனைகளின் பட்டியலை, நேரத்தோடும் தொலைபேசி எண்ணோடும், ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவோம். பல்துலக்கும் பிரஷைப் பரிசுப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஒரு வருடம் ஒரு சித்தப்பா அப்படிக் கொடுத்தார், பிள்ளைகள் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் கிளினிக் உதவியாளர், உங்கள் நீண்டநாள் வாசகி